சொன்னவர் பெயர்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், பிறகுதான் வாய் திறக்கும் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். அன்றைக்கு இரண்டும் ஒன்றாக நடந்தன. கிஷாந்தின் ஆய்வேட்டில் மூன்றாம் அத்தியாயத்தின் முதல் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தவள், "திருட்டுப் பய!" என்று கத்திவிட்டேன். விரிவுரையாளர் அறையில் இருந்த மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கம் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கிற ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். பெயர் கேத்ரின். என் பாடம் ஆய்வு முறையியல். அடுத்தவர் எழுத்தை எடுத்தால் எடுத்தேன் என்று சொல், எங்கிருந்து எடுத்தாய் என்று எழுது, அடிக்குறிப்புப் போடு என்று ஏழு வருஷமாகத் தொண்டை வறளக் கத்துகிறேன். கேட்கிறார்களா? இணையத்திலிருந்து அள்ளிக் கொட்டுகிறார்கள். போன வருஷம் ஒருத்தன் இந்தியக் கட்டுரை ஒன்றை எடுத்து, தஞ்சாவூர் என்று இருந்த இடத்தில் எல்லாம் தலவாக்கலை என்று மாற்றிக் கொடுத்தான். அந்தக் கட்டுரையில் தேயிலை மலையான தலவாக்கலையில் நெல் மூன்று போகம் விளைந்தது.

அதையெல்லாம் திட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சிரிக்க முடிந்தது. இதற்குச் சிரிப்பு வரவில்லை. கிஷாந்த் எடுத்திருந்தது என்னுடைய எழுத்து. பதினோரு வருஷத்துக்கு முன் என் பட்டத்துக்காக நான் எழுதிய ஆய்வேட்டில், கந்தப்பளைப் பக்கம் தோட்டத் தொழிலாளர்களின் ஆறு அறை லயம் ஒன்று, தண்ணீர் பிடிக்கிற பீலியோடு மண்சரிவில் போனதைப் பற்றிய பகுதி அது. என் ஆய்வேட்டில் இப்படி இருக்கும்:

"மழை விட்ட பிறகுதான் மலை வந்தது. முதலில் பீலித் தண்ணீர் சிவந்தது. பிறகு நின்றது. தண்ணீர் ஏன் நின்றது என்று பார்க்கப் போன தாய் திரும்பினாள். ஆறு காம்பராவும் இல்லை. அவள் நின்ற இடம் மட்டும் இருந்தது. ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த சிறுமியைத் தேடி மூன்று நாள் மண் வெட்டினார்கள். ரொட்டிக் கல் கிடைத்தது."

இந்த எட்டு வரிக்காகவே அந்த வருஷம் என் ஆய்வேட்டைச் சிறந்தது என்றார்கள். கருத்தரங்கில் ஒரு பேராசிரியர் இதைச் சத்தமாகப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த வேலைக்கான நேர்முகத்தில்கூட, "அந்த ரொட்டிக் கல் எழுதினது நீங்கதானா?" என்றுதான் முதல் கேள்வி கேட்டார்கள். நான்தான் என்றேன்.

அதே எட்டு வரி கிஷாந்தின் பக்கத்தில் இருந்தது. அடிக்குறிப்பும் இல்லை, மேற்கோள் குறியும் இல்லை. இரண்டே இரண்டு மாற்றம். நான் "தாய்" என்று எழுதியிருந்த இடத்தில் "அம்மா" என்றும், "சிறுமி" என்று எழுதியிருந்த இடத்தில் "சர்மிளா" என்றும் போட்டிருந்தான். பார்த்து எழுதுகிறவன் இரண்டு சொல்லை மாற்றிவிட்டால் பிடிபடமாட்டோம் என்று நினைப்பான் என்பதை நான்தான் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என் வித்தையை என்னிடமே காட்டுகிறானா என்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

இத்தனைக்கும் அவனுக்கு மேற்பார்வையாளர் நான். முதல் இரண்டு அத்தியாயத்தையும் ஒழுங்காகக் கொண்டுவந்து காட்டியவன், மூன்றாவதை மட்டும் "எழுதிக்கிட்டிருக்கேன் மேடம்" என்று மாதக்கணக்கில் இழுத்தடித்தான். கடைசியில் மொத்தமாகக் கட்டிக் கொடுத்துவிட்டான். ஏன் காட்டவில்லை என்று இப்போது விளங்கியது. சிவப்புப் பேனாவை எடுத்துப் பக்கத்தின் குறுக்கே "திருட்டு" என்று எழுதினேன். ஒழுக்காற்றுக் குழுவுக்கு முறைப்பாடும் எழுதினேன்.

துறைத் தலைவர் மரியநாயகம் சேர் நிதானமான மனுஷர். முறைப்பாட்டைப் படித்துவிட்டு, "பையன்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா கேத்ரின்?" என்றார்.

"கேக்க என்ன சேர் இருக்கு? ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க."

"குழுவுல நிரூபணமாச்சுன்னா ரெண்டு வருஷம் நிப்பாட்டிருவாங்க. அடுத்த மாசம் ஆசிரியர் நியமனத்துக்கு நேர்முகம் இருக்கு. இந்தத் தடவ விட்டுட்டான்னா வயசு கடந்துரும். அப்பறம் அவன் டீச்சராக முடியாது."

"திருடறதுக்கு முன்னால அவன் அத யோசிச்சிருக்கணும்."

அவர் பெருமூச்சு விட்டுத் திகதி போட்டார். அடுத்த வியாழக்கிழமை விசாரணை.

மறுநாள் கிஷாந்தைக் கூப்பிட்டேன். உட்காரச் சொல்லவில்லை. அவன் பக்கத்தையும் என் ஆய்வேட்டுப் பக்கத்தின் பிரதியையும் அவன் முன்னால் தள்ளி, "யாரு எழுதினது?" என்றேன்.

தன் பக்கத்தில் சிவப்பாகக் கிடந்த சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "நான்தான் மேடம்."

"பொய் சொல்லாத. நூலகத்துல இருந்து என் ஆய்வேட்ட எடுத்துப் பாத்து எழுதியிருக்க."

"இல்லீங்க மேடம். ஒங்க ஆய்வேட்ட நான் பாத்ததே இல்ல. இது எங்கம்மா சொன்னது."

எனக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை. "ஒங்கம்மா சொன்னதும் நான் எழுதினதும் வரிக்கு வரி ஒண்ணா வந்துருச்சோ? யாருக்குக் கத சொல்ற?"

"எங்கம்மா எப்பவும் இப்புடித்தான் சொல்வாங்க மேடம். வார்த்த மாறாது." தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அக்காவோட ஒடம்பு கெடைக்கல. ஒடம்பு இல்லாம மரணச் சான்றிதழ் குடுக்க மாட்டோம்னுட்டாங்க. பொலிஸ்ல சிங்களத்துல வாக்குமூலம் எழுதினாங்க, கிராம சேவகர் தமிழ்ல எழுதினாரு. ஒண்ணுல நாலரை மணின்னு இருந்துச்சு, மத்ததுல அஞ்சு மணின்னு இருந்துச்சு. ஒத்து வரலன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அதுக்கப்பறம் அம்மா ஒரே மாதிரி சொல்லப் பழகிட்டாங்க. தோட்ட ஆபிஸ், பிரதேச செயலகம், யாரு கேட்டாலும் ஒரே மாதிரி. ஒரு வார்த்த மாறினா பைல் திரும்பி வந்துரும்னு பயம்."

"அப்ப ஏன் அடிக்குறிப்புப் போடல?"

"அம்மாவுக்கு எப்புடிங்க மேடம் போடறது? புத்தகத்துக்கு, சஞ்சிகைக்கு, இணையத்துக்கு எப்புடிப் போடறதுன்னு சொல்லிக் குடுத்தீங்க. அம்மா சொன்னதுக்கு ஒண்ணும் சொல்லல."

வாய்மொழித் தகவலுக்கு ஒரு முறை இருக்கிறது. பாடத்திட்டத்தில் கடைசிப் பகுதி அதுதான். ஒவ்வொரு வருஷமும் நேரம் போதவில்லை என்று சொல்லி அந்தப் பகுதியைத் தாண்டிவிடுவேன். அதை அவனிடம் சொல்லவில்லை. குரலை உயர்த்தி, "சாட்சி இருக்கா?" என்றேன்.

கைப்பேசியை எடுத்தான். போன டிசம்பரில் பதிவு செய்தது என்றான். அடுப்பில் விறகு வெடிக்கிற சத்தம், அதற்கு மேல் ஒரு பெண்ணின் குரல்.

"மழ விட்டப்பறந்தான் மல வந்துச்சு. மொதல்ல பீலித் தண்ணி செவந்துச்சு. அப்பறம் நின்னுருச்சு. தண்ணி ஏன் நின்னுச்சுன்னு பாக்கப் போனவ திரும்பினேன். ஆறு காம்பராவும் இல்ல. நான் நின்ன எடம் மட்டும் இருந்துச்சு. ரொட்டி சுட்டுக்கிட்டிருந்த எம் மக சர்மிளாவத் தேடி மூணு நாளு மண்ணு வெட்டினாங்க. ரொட்டிக் கல்லு கெடச்சுது."

அந்தக் குரலை நான் கேட்டிருக்கிறேன். பெயர் ஞாபகம் இல்லை, முகமும் சரியாக இல்லை, குரல் மட்டும் இருந்தது. வந்துச்சு என்பதை வந்தது என்று மாற்றியிருந்தேன். செவந்துச்சு என்பதைச் சிவந்தது என்று மாற்றியிருந்தேன். என் எழுத்து, என் எழுத்து என்று பதினோரு வருஷமாக நான் மார்தட்டிக்கொண்டது அவ்வளவுதான். சர்மிளா என்ற பெயரை எடுத்துவிட்டுச் சிறுமி என்று போட்டதும் நான்தான்.

கிஷாந்த் என் பக்கத்தைக் கையில் எடுத்து முழுதாகப் படித்தான். படித்து முடித்து நிமிர்ந்தபோது அவன் முகம் மாறியிருந்தது.

"மேடம், இது ஒங்ககிட்ட எப்புடி வந்துச்சு?"

பதில் சொல்லியிருக்கலாம். கதவு மூடியிருந்தது, அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் செய்தது என்ன தெரியுமா? இன்னும் சத்தமாகக் கத்தினேன். "என்னையே கேள்வி கேக்குறியா? போ வெளிய! வியாழக்கெழம குழுவுல பேசிக்க!" அவன் போனான். அந்தப் பக்கத்தையும் கையோடு கொண்டுபோய்விட்டான்.

அன்று பின்னேரமே வீட்டில் என் ஆய்வேட்டைப் பிரித்தேன். நன்றியுரையில் கர்த்தருக்கு நன்றி, பங்குத் தந்தைக்கு நன்றி, தட்டச்சு செய்த கடைக்காரருக்குக்கூடப் பெயர் சொல்லி நன்றி. முறையியலில் "ஆய்வாளரின் நேரடி அவதானிப்பு" என்று எழுதியிருந்தேன். என்னத்தை அவதானித்தேன்? மலை விழுந்த அன்று நான் டிக்கோயாவில் எங்கள் வீட்டில் இருந்தேன். எட்டு மாதம் கழித்து, இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த தோட்டத்துப் பாடசாலை மண்டபத்துக்குக் குடையும் கொப்பியுமாகப் போனேன். தோட்டத்தில் வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளையின் மகள் என்று தெரிந்ததும் எனக்கு மட்டும் நாற்காலி போட்டார்கள். அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து இரண்டு தடவை சொன்னாள். நான் எழுதிக்கொண்டேன்.

பெயரை மறைத்தது அவளைக் காப்பாற்றத்தான் என்று பின்னாளில் என்னை நானே சமாதானம் செய்திருப்பேன். பச்சைப் பொய். அப்படியானால் ஒரு தாய் சொன்னார் என்றாவது எழுதியிருக்கலாமே! அந்த வரிகள் எனக்குப் பிடித்திருந்தன, அவை என்னுடையவையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், எடுத்துக்கொண்டேன். தஞ்சாவூரைத் தலவாக்கலையாக்கியவன் என்னைவிட யோக்கியன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி நுவரெலியா போய், அங்கிருந்து கந்தப்பளைக்குப் போனேன். மலைச்சரிவுக்குத் தள்ளிப் புதிதாகக் கட்டிக் கொடுத்த வீடுகளில் ஏழாவது வீடு. கிஷாந்த் வாசலில் நின்றான். என்னைக் கண்டதும் உள்ளே கூப்பிடவில்லை, "அம்மா, வந்திருக்காங்க" என்று மட்டும் குரல் கொடுத்தான். மீனம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். அந்தப் பெண்ணின் பெயர் மீனம்மா என்பதே மகனின் விண்ணப்பப் படிவத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

"என்னைய ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"இருக்குங்க. கொடையும் கொப்பியுமா வந்தீங்க. நீல மையில எழுதினீங்க." அவள் நின்றுகொண்டே பேசினாள். "எனக்கு ஞாபகம் இல்லாமப் போகுமா? ஆறு வருஷம் ஒங்களத்தானே நெனச்சுக்கிட்டிருந்தேன்."

எனக்கு விளங்கவில்லை.

"சான்றிதழுக்கு எழுதிக்கிட்டுப் போறீங்கன்னு நெனச்சேங்க. பேனாவும் கொப்பியும் கொண்டாந்தவங்க எல்லாரும் அதுக்குத்தானே வந்தாங்க. ஒவ்வொரு தடவ பைல் திரும்பி வந்தப்பவும், டிக்கோயா டீச்சரம்மா எழுதிக்கிட்டுப் போயிருக்காங்க, அது கொழும்புக்குப் போயிருக்கும், அங்க இருந்து வரும்னு இவங்கப்பாகிட்ட சொல்வேன். ஆறாவது வருஷந்தான் சான்றிதழ் வந்துச்சு, அதுக்கு முன்னாலயே போயிட்டாரு. அவரு சாகுற வரைக்கும் சொன்னேன்."

நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று வாய் வரை வந்தது. நல்லவேளை, வெளியே வரவில்லை. எதற்காக எழுதுகிறேன் என்றும் நான் அவளிடம் சொல்லவில்லையே.

"மன்னிச்சுக்கங்க" என்றேன்.

"மன்னிப்ப வச்சு நான் என்னங்க செய்ய?" அவள் குரல் அப்போதுதான் உயர்ந்தது. "நான் சொன்னத எடுத்துக்கிட்டுப் போய்ப் பட்டம் வாங்கினீங்க. வாங்கிக்கங்க, எனக்கென்ன. எம் புள்ள பேர ஏன் வெட்டினீங்க? ஒடம்பும் இல்ல, குழியும் இல்ல, பேரு ஒண்ணுதான் மிச்சம். அதயும் வெட்டிப்புட்டு, இப்ப அவ தம்பி அக்கா பேர எழுதினா திருடன்னு செவப்புல எழுதுறீங்க. ஒங்களுக்கு நெஞ்சு கூசல?"

கூசியது. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவள் தேநீர் தரவில்லை. மலைநாட்டில் எந்த வீட்டு வாசலிலும் எனக்கு அப்படி நடந்ததில்லை.

"வியாழக்கெழம எம் மகன் திருடன் இல்லன்னு நீங்க வாயால சொல்லணும்" என்றாள். "யாரு திருடினதுன்னும் சொல்லணும். போயிட்டு வாங்க."

வியாழக்கிழமை காலையில், குழு கூடுவதற்கு முன்பே மரியநாயகம் சேரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு எழுந்து கதவைச் சாத்தினார்.

"இத இப்புடியே முடிச்சுருவோம். வாய்மொழித் தகவலுக்கு ஆதாரம் போட மறந்துட்டான், ஒரு எச்சரிக்கை, திருத்திக் குடுக்கட்டும். நியமனமும் போகாது. நீங்க முறைப்பாட்ட வாபஸ் வாங்கிக்கங்க. பழைய கதைய எதுக்குக் கெளறணும்? நம்ம நிறுவனத்துக்கும் கெட்ட பேரு."

ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், எனக்கு அது இனித்தது. வேலை இருக்கும், பட்டம் இருக்கும், பையனும் பிழைத்துக்கொள்வான். யாருக்கு என்ன நஷ்டம்? அப்புறம் காது சிவந்தது. இந்த மாதிரிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசித்தானே அவளுடைய பைலை ஆறு வருஷம் திருப்பித் திருப்பி அனுப்பியிருப்பார்கள்!

"சேர், பையன் பண்ணியிருந்தா ரெண்டு வருஷம். நான் பண்ணினா பழைய கதையா?" என்று கேட்டுவிட்டுக் கதவைத் திறந்தேன்.

குழுவில் மூன்று பேர் இருந்தார்கள். கிஷாந்த் சுவரோரமாக ஒரு கதிரையில் இருந்தான். என் ஆய்வேட்டை மேசையில் வைத்து நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்தேன். "இது என் எழுத்துன்னு முறைப்பாட்டுல எழுதியிருக்கேன். அது பொய். இதச் சொன்னவங்க மீனம்மா. அவங்க சொன்னத நான் எடுத்து என்னோடதுன்னு போட்டேன். இந்தப் பையன் திருடல. அவன் ஆதாரம் போடாதது பிழைதான், ஆனா வாய்மொழித் தகவலுக்கு எப்புடி ஆதாரம் போடறதுன்னு நான் ஏழு வருஷமா யாருக்கும் சொல்லிக் குடுக்கல" என்றேன். கிஷாந்தின் கைப்பேசிப் பதிவையும் போட்டுக் கேட்டார்கள். கேட்டு முடிந்ததும் யாரும் கண்ணாடியைத் துடைக்கவில்லை. எழுத்தில் கொடுங்கள் என்றார்கள். கொடுத்தேன்.

கிஷாந்த் மேல் திருட்டு இல்லை, ஒரு வாரத்தில் ஆதாரங்களைச் சரியாகக் காட்டி ஆய்வேட்டைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. என்னை அடுத்த தவணையிலிருந்து வகுப்புக்குப் போக வேண்டாம் என்றார்கள். எனக்குப் பட்டம் தந்த பல்கலைக்கழகத்துக்கும் கடிதம் போனது. அது என்ன சொல்லும் என்று இதை எழுதும்வரை தெரியாது. ஜெயந்தினி என்கிற புது விரிவுரையாளர் என் மேசைக்கு வந்து பாடக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

ஆனால் கிஷாந்தின் ஆய்வேட்டில் மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட இன்னும் நான்தான் இருந்தேன். ஆறாம் நாள் வந்தான். நான் உட்காரச் சொன்னேன், அவன் நின்றுகொண்டே திருத்திய பக்கத்தை நீட்டினான். சிவப்புப் பேனாவை எடுத்தேன். பழக்கம்.

எட்டு வரியும் இப்போது மேற்கோள் குறிக்குள், மீனம்மா சொன்ன பேச்சிலேயே இருந்தன. செவந்துச்சு செவந்துச்சாகவே இருந்தது. கீழே பதினான்காம் அடிக்குறிப்பு: "ஆ. மீனம்மா, தேயிலைத் தோட்டத் தொழிலாளி, சர்மிளாவின் தாய். நேர்காணல், கந்தப்பளை." திகதி சரி, பதிவு யாரிடம் இருக்கிறது என்ற விவரமும் சரி. நான் சொல்லிக் கொடுக்காததை எங்கிருந்தோ படித்துப் போட்டிருந்தான்.

அதற்குக் கீழே பதினைந்தாவது ஒன்று இருந்தது. குழு அதைக் கேட்கவில்லை.

"இதுக்கு என்ன முறைன்னு எனக்குத் தெரியல" என்றான் கிஷாந்த். "கைநூல்ல இல்ல. அம்மா போடச் சொன்னாங்க. நானே எழுதினேன்."

"இந்த விவரிப்பு, சொன்னவர் பெயரும் இறந்த பிள்ளையின் பெயரும் நீக்கப்பட்டு, கேத்ரினின் ஆய்வேட்டில் 41ஆம் பக்கத்தில் அவருடைய சொந்த எழுத்தாக வந்துள்ளது."

முகம் எரிந்தது. அவன் மேல் பாய ஓர் எழுத்துப்பிழை, ஒரு முற்றுப்புள்ளி, ஒரு தப்பான பக்க எண் கிடைக்காதா என்று தேடினேன். மூன்று தடவை படித்தேன். இந்த ஏழு வருஷத்தில் என்னிடம் வந்த அடிக்குறிப்புகளில் இவ்வளவு சரியான ஒன்றை நான் பார்த்ததில்லை.

சிவப்புப் பேனாவை மூடிவிட்டு நீலப் பேனாவை எடுத்து, மேற்பார்வையாளர் ஒப்புதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். கிஷாந்த் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கீழயும் இருக்குங்க" என்று விரலால் காட்டினான். பெயரைத் தெளிவாக எழுதவும் என்று ஒரு கோடு இருந்தது. எழுதினேன்.